ஜி.எஸ்.டி ஆடிட் நோட்டீஸ் வந்துவிட்டதா? முதலில் டேலியில் கை வைக்காதீர்கள்!

'ஏ.டி.டி-01' என்ற படிவத்தில் ஒரு நோட்டீஸ் வரும். 'ஜி.எஸ்.டி சட்டம் 65-வது பிரிவின்படி உங்கள் நிறுவனத்தின் இன்ன ஆண்டுக் கணக்கை ஆய்வு செய்யப் போகிறோம். இன்னின்ன ஆவணங்களைத் தயாராக வையுங்கள்' என்று அதில் இருக்கும். வரி ஏய்த்தவர்களுக்குத்தான் இது வரும் என்றில்லை. ஒழுங்காக ரிட்டர்ன் போடும் ஹார்டுவேர் கடைக்கும் வரும், ஜவுளிக் கடைக்கும் வரும், நாலு தையல் மெஷின் வைத்துத் தொழில் செய்யும் அக்காவுக்கும் வரும்.

ஆய்வு தொடங்குவதற்குக் குறைந்தது 15 வேலை நாள்களுக்கு முன்பே இந்த நோட்டீஸைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கணக்கைத் தேடி எடுத்து, சரிபார்த்து, தயாராவதற்காகத்தான் அந்த அவகாசம். ஆனால், பயத்தில் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து, "பழைய என்ட்ரியை எல்லாம் கொஞ்சம் சரி பண்ணிடுப்பா" என்கிறார்கள்.

மற்ற எந்தத் தவறைச் செய்தாலும் சமாளிக்கலாம். இதைச் செய்தால் கஷ்டம்.

காசுக் கணக்கிலேயே சொல்கிறேன். கட்டாமல் விட்ட வரி 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது தெரியாமல் நடந்த தவறு என்றால், ஷோ காஸ் நோட்டீஸ் வருவதற்கு முன்பே வரியையும் 18 சதவிகித வட்டியையும் கட்டிவிட்டால் அபராதமே கிடையாது. விஷயம் நீண்டு அபராதம் வரை போனாலும் 10 சதவிகிதம், அதாவது 30 ஆயிரம். அதே தவறு வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால், அபராதம் வரித்தொகைக்குச் சமமாக, 3 லட்சம் வரை போகும். தவறு ஒன்றுதான். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு நீங்கள் அழித்த நாலு வவுச்சர், உங்களை முதல் வரிசையிலிருந்து இரண்டாவது வரிசைக்குத் தள்ளிவிடலாம்.

அழித்தாலும் தெரிந்துவிடும்

நோட்டுப் புத்தகக் காலத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் கிழித்த இடம் தெரியும். கம்ப்யூட்டரில் அது தெரியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கம்ப்யூட்டரில்தான் நன்றாகத் தெரியும்.

டேலி பிரைமில் 'எடிட் லாக்' என்று ஒரு வசதி உண்டு. எந்த வவுச்சரை, எந்தத் தேதியில், யார் திருத்தினார்கள், முன்பு என்ன தொகை இருந்தது, இப்போது என்ன தொகை என்பதை எல்லாம் அது குறித்து வைத்துக்கொள்ளும். அழித்ததையும் குறித்துக்கொள்ளும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல் இப்படிப்பட்ட பதிவு வசதி உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும், அதை நிறுத்தி வைக்கவும் கூடாது.

"நம்மளுது கம்பெனி இல்லையே, சாதாரண புரோப்ரைட்டர் கடைதானே" என்று நீங்கள் நிம்மதியாகலாம். பொறுங்கள். ஜி.எஸ்.டி விதி 56, அதன் 8-வது உட்பிரிவு, பதிவு செய்த எல்லோருக்கும் பொருந்தும். கணக்கில் எழுதியதை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்தால் திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் லாக் வைக்க வேண்டும். கம்பெனிகளுக்கான விதியைப் பற்றி ஊரே பேசியது. 2017-லிருந்தே இருக்கும் இந்த விதியை யாரும் அதிகம் பேசுவதில்லை.

சரி, எடிட் லாக்கை ஆன் செய்யவே இல்லை, பழைய பதிப்பில்தான் கணக்கு இருக்கிறது என்றால்? அப்போதும் தப்ப முடியாது. உங்கள் கணக்கின் இன்னொரு பாதி ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு நீங்கள் போட்ட பில்கள் ஒவ்வொன்றாக ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் இருக்கின்றன. உங்களுக்குச் சரக்கு அனுப்பியவர்கள் காட்டியது 2பி-யில் இருக்கிறது. லாரியில் போன சரக்குக்கு இ-வே பில் இருக்கிறது. வங்கிக் கணக்கு தனி. வருமான வரித் தாக்கலில் நீங்கள் கொடுத்த மொத்த விற்பனையும் லாபமும் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் டேலியில் மட்டும் ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகும்? இதுவரை இல்லாத ஒரு முரண்பாட்டை நீங்களே உருவாக்கியிருப்பீர்கள்.

எடிட் லாக் எதிரி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பே, யாரும் கேட்காதபோது, ஒரு தவறைத் திருத்தியிருக்கிறீர்கள் என்றால், அதைத் தேதியோடு உங்களுக்குச் சாதகமாகச் சொல்லப்போவதும் அதே லாக்தான்.

(இரண்டு செட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் யோசனை எதுவும் இல்லை. அவர்களுக்குத் தேவை வழக்கறிஞர்.)

உங்கள் கணக்கு யாரிடம் இருக்கிறது?

சிறு தொழில்களில் நிஜமான பிரச்னை தில்லுமுல்லு அல்ல. கணக்கு முதலாளி கையில் இல்லை என்பதுதான். வாரம் இரண்டு நாள் வந்து என்ட்ரி போடும் பகுதிநேரக் கணக்குப்பிள்ளையின் லேப்டாப்பில் டேலி இருக்கும். ஜி.எஸ்.டி போர்டலில் பதிவான இமெயில் அவருடையது, மொபைல் நம்பரும் அவருடையது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. 'போர்டலில் போட்ட நோட்டீஸை நாங்கள் பார்க்கவே இல்லை' என்று சொல்லிக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போன வியாபாரிகள் உண்டு.

அதனால், இன்றே செய்ய வேண்டிய வேலை இது. போர்டலில் இமெயிலும் மொபைல் எண்ணும் உங்களுடையதாக இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை போர்டலுக்குள் போய் நோட்டீஸ் பகுதியையும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'கூடுதல் நோட்டீஸ்கள்' பகுதியையும் திறந்து பார்க்கச் சொல்லி வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். இரண்டாவது பகுதியில் வந்து கிடக்கும் நோட்டீஸ்கள்தான் கண்ணில் படாமல் போகின்றன.

அடுத்தது பாஸ்வேர்டு. டேலியில் 'டேலி வால்ட்' என்ற பூட்டு இருக்கிறது. அதைப் போட்டு மொத்த டேட்டாவையும் பூட்டிவிடலாம். அந்த பாஸ்வேர்டு மறந்துபோனால் டேலி நிறுவனத்தாலும் திறந்து கொடுக்க முடியாது. கணக்குப்பிள்ளையின் மனசுக்குள் மட்டும் அந்த பாஸ்வேர்டு இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து! ஒரு கவரில் எழுதி ஒட்டி, நகைப் பெட்டியோடு பீரோவில் வையுங்கள்.

முதல் நாள் வேலை: ஒரு நகல், தொடாத நகல்

நோட்டீஸ் வந்த அன்றே, எதையும் சரிபார்க்க உட்காருவதற்கு முன்பே, முழு பேக்கப் எடுங்கள். புதிதாக இரண்டு பென் டிரைவ் வாங்கி, இரண்டிலும் அதே பேக்கப்பைப் போடுங்கள். மேலே தேதியை எழுதி ஒட்டுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று ஆடிட்டர் அலுவலகத்தில். அந்த இரண்டையும் அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. சரிபார்ப்பது, ரிப்போர்ட் எடுப்பது எல்லாமே மூன்றாவது நகலில்தான்.

பேக்கப்பைத் திறந்து பார்க்கும்போது ஒரு கவனம் தேவை. பலர் அதை அன்றாடம் வேலை செய்யும் அதே ஃபோல்டரில் 'ரீஸ்டோர்' கொடுத்துவிடுகிறார்கள். பழைய பேக்கப் புது டேட்டாவின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இந்த மாதத்து என்ட்ரி எல்லாம் போச்சு. வேறொரு கம்ப்யூட்டரில், புதிய ஃபோல்டர் போட்டு, அதில் திறந்து பாருங்கள். அதேபோல பழைய டேலியில் எழுதிய டேட்டாவைப் புதிய பதிப்பில் திறந்தால் அது புதிய வடிவத்துக்கு மாறிவிடலாம். அப்படி மாறிய பிறகு பழைய பதிப்பில் திறக்க வராது. மாற்றும் முன் ஒரு நகல் எடுக்காதவர்கள் அப்புறம் தலையில் கை வைப்பதுதான் மிச்சம்.

அந்தப் பென் டிரைவில் உள்ள கோப்பு மாறவே இல்லை என்று பின்னால் யாராவது கேட்டால் எப்படி நிரூபிப்பது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. எந்தக் கோப்புக்கும் 'ஹாஷ்' என்ற ஓர் அடையாளத்தைக் கம்ப்யூட்டரிலேயே எடுக்கலாம். கைரேகை மாதிரி. எஸ்.எச்.ஏ-256 என்ற முறையில் எடுத்தால் எழுத்தும் எண்ணும் கலந்து 64 இலக்கம் வரும். கோப்புக்குள் ஒரு பைசா மாறினாலும் அந்த 64 இலக்கமும் வேறு மாதிரி ஆகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது இணைக்க வேண்டிய சான்றிதழிலேயே இந்த ஹாஷ் எண்ணை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். ஆடிட்டரிடம் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். அதைப் பேக்கப் எடுத்த அன்றே உங்களுக்கு நீங்களே ஓர் இமெயிலாக அனுப்பிவிடுங்கள். தேதிக்கும் சாட்சி ஆச்சு.

தவறு கண்ணில் பட்டால்?

படும். மூன்று வருஷத்துக் கணக்கை ஆற அமரப் பார்த்தால் எந்தக் கடையிலும் ஏதாவது ஒன்று கண்ணில் படும். அதிகாரிகள் வழக்கமாக எங்கே பார்ப்பார்கள் என்று தெரிந்தால், நீங்களும் முதலில் அங்கேயே பார்க்கலாம்.

லாரி வாடகை லெட்ஜர். சரக்குப் போக்குவரத்து ஏஜென்சிக்குக் கொடுத்த வாடகைக்குச் சில சமயம் அவர்களுக்குப் பதிலாக நாம்தான் ஜி.எஸ்.டி கட்ட வேண்டியிருக்கும். இதைச் சிறு கடைகளில் மறந்துவிடுவது சகஜம். அடுத்தது கடை வாடகை. 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி பதிவு இல்லாத உரிமையாளருக்குக் கொடுக்கும் கடை வாடகைக்கும் இதே முறை வந்துவிட்டது. 'இதர வருமானம்' என்ற லெட்ஜரைக் கட்டாயம் திறப்பார்கள். பழைய அட்டைப் பெட்டி, இரும்புக் கழிவு விற்ற காசு அங்கேதான் ஒளிந்திருக்கும். அதற்கும் வரி உண்டு.

இன்னொன்று, 180 நாள் விதி. சரக்கு வாங்கி உள்ளீட்டு வரி எடுத்துவிட்டீர்கள், சப்ளையருக்கு 180 நாளாகியும் பணம் கொடுக்கவில்லை என்றால், எடுத்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு எத்தனை நாளாகப் பாக்கி என்பதை டேலி ஒரே திரையில் காட்டிவிடும். உங்களுக்குக் காட்டுவதை அதிகாரிக்கும் காட்டும்.

இப்படி ஏதாவது அகப்பட்டால் பழைய வவுச்சரைத் திறந்து திருத்தாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். இன்றைய தேதியில் புதிய ஜர்னல் போட்டு, 'இன்ன தேதி, இன்ன வவுச்சரில் நேர்ந்த தவறுக்காக' என்று விவரக் குறிப்பில் தமிழிலோ ஆங்கிலத்திலோ தெளிவாக எழுதுங்கள். கட்ட வேண்டிய வரியை வட்டியோடு டி.ஆர்.சி-03 மூலம் கட்டுங்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதும் இப்படிக் கட்டலாம். அதிகாரி கண்டுபிடிக்கும் முன் நாமே சொல்லிக் கட்டுவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன 3 லட்சம் கணக்கை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

பாஸ்வேர்டைக் கேட்பார்களா?

கேட்கலாம். விதி 57-ல் அது இருக்கிறது. கணக்கை மின்னணு முறையில் வைத்திருந்தால், அதிகாரி கேட்கும்போது கோப்புகளின் விவரம், பாஸ்வேர்டு, நீங்கள் பயன்படுத்தும் குறியீடுகளுக்கு விளக்கம், அதோடு மாதிரிக்கு ஒரு பிரின்ட் எல்லாம் கொடுக்க வேண்டும். ஸ்டாக்கில் 'பி.எல்.22' என்று இருந்தால் அது என்ன பொருள் என்று சொல்லத் தெரிய வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு மட்டும் புரிகிற சங்கேதம் உதவாது.

ஆனால், கேட்டதைக் கொடுப்பது வேறு. கேட்காததையும் அள்ளிக் கொட்டுவது வேறு. நோட்டீஸில் எந்த ஆண்டு என்று எழுதியிருக்கும். 2022-23-ஐக் கேட்டிருக்கிறார்கள் என்றால் அந்த ஆண்டின் லெட்ஜர்கள், டிரையல் பேலன்ஸ், விற்பனை, கொள்முதல் பதிவேடுகளை எக்ஸெலிலும் பி.டி.எஃப்-பிலும் எடுத்து, கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். பதற்றத்தில் மொத்த டேலி பேக்கப்பையும் பென் டிரைவில் போட்டு நீட்டினால், கேட்காத ஐந்து வருஷமும், பெண் கல்யாணச் செலவுக்குக் கடையிலிருந்து எடுத்த பணமும் சேர்ந்தே போகும். ஆண்டைப் பிரித்து எடுக்க வேண்டுமானால் நகலில் பிரியுங்கள், மூலத்தில் அல்ல. முழு டேட்டாவையும் எழுத்தில் கேட்டால் ஆடிட்டரோடு பேசிவிட்டுக் கொடுங்கள். மறுத்து மல்லுக்கு நிற்பதில் லாபமில்லை.

எது கொடுத்தாலும் ஒரு கடிதத்தோடு கொடுங்கள். என்னென்ன கோப்பு, எத்தனை பக்கம், எந்தத் தேதி என்று பட்டியலிட்டு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "சார், அனுப்பிட்டேன்" என்பதெல்லாம் அப்புறம் நிற்காது. பாஸ்வேர்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். ஆய்வு முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஆய்வு அதிகாரிகள் கடைக்கும் வரலாம், அவர்கள் அலுவலகத்துக்கு உங்களை வரச் சொல்லவும் செய்யலாம். இரண்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு. 67-வது பிரிவின் கீழ் நடக்கும் சோதனை என்பது முற்றிலும் வேறு. அதில் முன்கூட்டி நோட்டீஸ் கிடையாது, ஆவணங்களைக் கைப்பற்றவும் செய்யலாம். அப்போதும்கூட, கைப்பற்றிய ஆவணங்களின் நகலை அதிகாரி முன்னிலையில் எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. விசாரணைக்குப் பாதகமாகும் என்று அவர் கருதினால் மட்டும் மறுக்கலாம்.

வெள்ளமும் வெயிலும்

2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்தபோதும், தரைத்தளக் கடைகளில் சரக்கோடு சேர்ந்து கம்ப்யூட்டரும் மூழ்கியது. விபத்து, இயற்கைச் சீற்றத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. 'டி டிரைவில் ஒரு காப்பி இருக்கு' என்பது பேக்கப் அல்ல. சி டிரைவ் மூழ்கும்போது டி டிரைவ் மட்டும் நீந்தாது. மாதக் கடைசியில் எடுக்கும் பேக்கப் ஒன்று கடைக்கு வெளியே, வேறு இடத்தில் அல்லது ஆன்லைன் சேமிப்பில் இருக்க வேண்டும்.

தண்ணீரைவிட மெதுவாக அழிப்பது வெயில். பில் மெஷினில் வரும் வழவழப்பான தெர்மல் காகிதம் சூட்டில் சீக்கிரமே வெளுத்துவிடும். டீசல் பில், கூரியர் பில், ஹோட்டல் பில் எல்லாமே அந்த ரகம். டேலியில் என்ட்ரி இருக்கும், கையில் வெள்ளைத் தாள்தான் இருக்கும். வாங்கிய அன்றே போனில் போட்டோ எடுத்து, மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போடுவது இரண்டு நிமிட வேலை. இதை வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

போனிலேயே பில் போடும் ஆப் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை எக்ஸெலில் இறக்கி வையுங்கள். போன் தொலைந்தால் கடைக் கணக்கும் தொலையக் கூடாது. போர்டலில் இருக்கிற ரிட்டர்ன்களையும் 'அங்கேயே இருக்கட்டும்' என்று விடாதீர்கள். ஏழு ஆண்டுகள் வரைதான் பார்வைக்கு வைப்போம் என்ற கொள்கையை 2024-ல் அறிவித்திருக்கிறார்கள்.

ஆய்வு முடிந்த பிறகு

ஆய்வைத் தொடங்கியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஆணையர் நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். முடிந்து 30 நாளில் ஏ.டி.டி-02 என்ற படிவத்தில் என்ன கண்டார்கள் என்று தெரிவிப்பார்கள். அதற்கு முன்பே, கண்ட குறைகளைச் சொல்லி உங்கள் விளக்கத்தைக் கேட்பார்கள். பேச்சில் பதில் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த லெட்ஜர், எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். முதல் நாள் எடுத்து வைத்த அந்தத் தொடாத நகல் இப்போதுதான் கைகொடுக்கும். அதிகாரி கையில் இருக்கும் ரிப்போர்ட்டும் உங்கள் நகலும் ஒரே எண்ணைக் காட்டினால் பேச்சு பாதியில் முடிந்துவிடும்.

அதன் பிறகும் எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்குக் கெடு 2024 டிசம்பர் 31. ஆக, அந்தப் பென் டிரைவ் 2030 டிசம்பர் 31 வரை பீரோவில் இருக்க வேண்டும். அப்பீல் ஏதாவது நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து ஓர் ஆண்டு வரை, அல்லது இந்த 72 மாதம் வரை, எது பிந்தையதோ அதுவரை. பென் டிரைவும் சாகாவரம் பெற்றதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைக்கும்போது அதையும் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, சந்தனப் பொட்டு வைத்து உள்ளே வையுங்கள்.